மாடி ஹாலில் எம்பிராய்டரி மிஷின்: பழைய சிலாபுக்கு அடியில் முட்டுக் கொடுத்த வேலை

திருப்பூரில் மாடி ஹாலில் மிஷின் ஓடாத கம்பெனி குறைவு. பவர் டேபிள் வரிசை, செக்கிங் டேபிள், அயர்ன் டேபிள் என்று ஏறும்வரை சிலாபைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. பெரிதாக யோசிக்கத் தேவையும் இல்லை. இந்த முறை ஏற வேண்டியது 20 தலை கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மிஷின். நீளம் 8.8 மீட்டர், அகலம் 1.6 மீட்டர், கேட்லாகில் போட்டிருந்த எடை 4,800 கிலோ. கீழ்த்தளம் முழுக்கத் துணி குடோன். அதைக் காலி செய்ய இடமில்லை. மாடியில்தான் போட்டாக வேண்டும், சிலாப் தாங்குமா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள்.

கட்டடம் 1990-களின் நடுவில் கட்டியது. டிராயிங் கிடையாது. 20 அடி அகல ஹால், 12 அடிக்கு ஒரு குறுக்கு பீம், மேலே 5 அங்குல சிலாப். பீம்கள் இரண்டு பக்கமும் பில்லரில் உட்கார்ந்திருக்கின்றன, நடுவில் தூண் எதுவும் இல்லை. குடோனுக்கு வசதி அதுதான், எனக்குச் சிக்கலும் அதுதான்.

முதலாளியின் கணக்கு வேறு. "ஏனுங்க தம்பி, இத்தன வருசமா துணி ரோலு அடுக்கி வெச்சிருக்கோம், சிலாப்பு அசையலையே. அதை விடவா மிஷினு கனம்?" என்றார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. 4,800 கிலோவை மிஷின் நிற்கும் 14 சதுர மீட்டருக்குப் பகிர்ந்தால் சதுர மீட்டருக்கு 340 கிலோ. பனியன் துணி ரோலை ஐந்தடி உயரம் அடுக்கினால் சதுர மீட்டருக்கு 450 கிலோ வரை வந்துவிடும். ஆக, அவர் ஹாலில் ஏற்கெனவே மிஷினைவிடக் கனமான சரக்கு நின்றிருக்கிறது. ஆனால் அது நின்றது சுவர் ஓரமாக, பீம் முனைக்குப் பக்கத்தில், அசையாமல். அந்த இடத்துக்குக் கீழே போய் டார்ச் அடித்துப் பார்த்தால் பூச்சில் முடி போன்ற வெடிப்புகள், 12 அடி பாகத்தின் நடுவில், பீமுக்கு இணையாக. சிலாப் விழவில்லை என்பதற்கு அது சௌகரியமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. பாதுகாப்புக்கு என்று விட்டுவைத்த மிச்சத்தைத் துணி தின்றுகொண்டிருந்தது.

தளச் சுமைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 பகுதி 2, 1987-இல் அலுவலக அறைக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோநியூட்டன், அதாவது சுமார் 250 கிலோ. தொழிற்கூடத்தில் லேசான மிஷின் ஓடும் இடத்துக்கு 5, நடுத்தரத்துக்கு 7, கனமானதற்கு 10. எம்பிராய்டரி மிஷினை 5-இல் வைத்தேன். மிஷின் எடை, நூல் கோன், துணி, ஆட்கள் எல்லாம் அதற்குள் அடங்கும். பழைய சிலாப் எதற்காகப் போட்டது என்று சொல்ல ஆள் இல்லாததால், அதைக் கான்கிரீட்டிடமே கேட்க வேண்டியிருந்தது.

நான்கைந்து இடத்தில் அடிப் பூச்சைக் கொத்திக் கம்பியை வெளியே காட்டினோம். 8 மி.மீ. முறுக்குக் கம்பி, 6 அங்குலத்துக்கு ஒன்று, 12 அடி பக்கமாக ஓடுகிறது. கம்பியை மூடும் கான்கிரீட், அதாவது கவர், 20 மி.மீ. ஒழுங்காக இருக்கிறது, அந்தக் காலக் கொத்தனாருக்கு ஒரு கும்பிடு. குறுக்கு பீமில் அடியில் 20 மி.மீ. மூன்று, மேலே பிடிமானத்துக்கு 12 மி.மீ. இரண்டு மட்டும். இவற்றைச் சுற்றிக் கட்டிய ரிங் 6 மி.மீ., நடுப்பகுதியில் 9 அங்குலத்துக்கு ஒன்று. இந்த மேல் கம்பி விஷயம் பின்னால் முக்கியமாகப் போகிறது.

ஹேமர் டெஸ்ட் அடிக்கிறேன் என்று டெஸ்டிங் ஆட்கள் சொன்னார்கள். அடிக்கட்டும், ஆனால் அந்த எண்ணை வைத்து நான் முடிவெடுப்பதில்லை. பழைய கான்கிரீட்டின் மேல்தோல் காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி இறுகியிருக்கும், ஹேமர் அந்தத் தோலைத்தான் தட்டிப் பார்க்கும். எண் அழகாக வரும். நம்புவதற்குக் கான்கிரீட்டைத் துளைத்து உருளையாகக் கோர் எடுக்க வேண்டும், குறைந்தது மூன்று. கான்கிரீட்டுக்கான விதி ஐ.எஸ். 456 சொல்வது, மூன்றின் சராசரி அந்த கிரேடின் க்யூப் பலத்தில் 85 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எந்த ஒன்றும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. எம் 15 என்று வைத்துப் பார்த்ததில் தேறியது. சிமெண்ட் ஒன்றுக்கு மணல் இரண்டு, ஜல்லி நான்கு என்று கலவை போட்ட காலத்துக்கு அது எதிர்பார்த்ததுதான்.

புதிதாகக் கொத்திய முகத்தில் பினாஃப்தலின் கரைசலைத் தெளித்தால் எது உயிரோடு இருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். காரத்தன்மை உள்ள கான்கிரீட் ரோஜா நிறத்துக்கு மாறும், காற்று தின்ற பகுதி நிறமில்லாமல் சாம்பலாகவே நிற்கும். இங்கே சாம்பல் பட்டை 12 முதல் 15 மி.மீ., அதற்கு மேல் நல்ல ரோஜா. கம்பி 20 மி.மீ. உள்ளே இருப்பதால் துரு இன்னும் தொடங்கவில்லை. இந்த ஒன்று வேறு மாதிரி வந்திருந்தால் நான் இந்த வேலையையே தொட்டிருக்க மாட்டேன். துருப்பிடித்த சிலாபை ரிப்பேர் செய்வது வேறு, நல்ல சிலாபுக்குப் பலம் கூட்டுவது வேறு.

இனி கணக்கு. சுமை சிலாபை வளைக்கப் பார்க்கும் அளவுதான் மொமென்ட். இருக்கும் கம்பிக்குச் சிலாபின் தாங்கு மொமென்ட் மீட்டர் அகலத்துக்கு 11 கிலோநியூட்டன் மீட்டர். சிலாபின் சொந்த எடையும் ஃபுளோரிங்கும் சதுர மீட்டருக்கு 4.1 கிலோநியூட்டன். இதோடு 2.5 சேர்த்து, ஒன்றரை மடங்கு பாதுகாப்பு வைத்து 12 அடி நீளத்துக்குக் கணக்கிட்டால் மொமென்ட் 10.7 வருகிறது. சட்டை அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. அன்றைக்குப் போட்டவர் அலுவலகக் கணக்கில்தான் போட்டிருக்கிறார். அதையே 5 ஆக்கினால் 14.7. சிலாபுக்கு மூன்றில் ஒரு பங்கு பலம் பற்றவில்லை. மிஷின் கால் சிலாபைக் குத்திக்கொண்டு இறங்கிவிடுமோ என்றுதான் எல்லோரும் பயப்படுவார்கள். 12 கால், ஒன்றுக்கு 400 கிலோ. 5 அங்குலச் சிலாபுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

பலம் மட்டும் பிரச்சினை என்றால் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன். எம்பிராய்டரி மிஷினுக்கு இன்னொரு குணம் உண்டு. நிமிடத்துக்கு 750 தையல் ஓடும்போது ஊசி 750 தடவை குத்துகிறது, ஒவ்வொரு குத்துக்கும் நடுவில் துணி மாட்டிய ஃப்ரேம் ஒரு தடவை நகர்ந்து நிற்கிறது. நொடிக்குக் கணக்கிட்டால் 12.5 உதை. 850-இல் ஓட்டினால் 14.2. தளத்துக்கும் சொந்தமாக ஒரு ஆட்டம் உண்டு. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் சின்ன உதை ஒவ்வொன்றும் முந்தைய ஆட்டத்தோடு சேர்ந்துகொள்ளும். சிலாப் உடையாது. நூல் அறும், டிசைன் அரை மி.மீ. விலகும், கீழே டியூப்லைட் சட்டம் கலகலக்கும், ஆபரேட்டர் ஒரு மாதத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்.

தளத்தின் சொந்த ஆட்டத்தைத் தெரிந்துகொள்ளப் பெரிய கருவி வேண்டாம். குறுக்கு பீமின் நடுவே தரையில் போனை வைத்து, ஆக்ஸிலரோமீட்டர் ஆப்பை ஓடவிட்டு, பக்கத்தில் ஒருவர் நுனிக்காலில் எழும்பி குதிகாலைப் பொத்தென்று போட வேண்டும். அலை எழும்பி அடங்குவது திரையில் வரும். ஆப்பின் ஸ்பெக்ட்ரத்தில் 8 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 8 ஆட்டம்) பக்கம் ஒரு முகடு தெரிந்தது. கையால் சரிபார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. சொந்த எடையில் தளம் எத்தனை மி.மீ. தொய்கிறதோ அதன் வர்க்கமூலத்தால் 18-ஐ வகுத்தால் ஏறத்தாழ ஹெர்ட்ஸ் கிடைக்கும். 4.7 மி.மீ. தொய்வுக்கு 8.3. இரண்டும் ஒத்துப்போயின.

ஆக, தளம் 8-இல், மிஷின் 12.5-இல். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் வந்த யோசனைகளைப் பார்த்தேன்.

முதல் யோசனை ஃபேப்ரிகேஷன்காரருடையது. ஒவ்வொரு 12 அடி பாகத்துக்கும் நடுவே, சுவருக்குச் சுவர் 20 அடிக்கு ஒரு ஐ.எஸ்.எம்.பி. 250, அதாவது 250 மி.மீ. உயர ‘ஐ’ வடிவ இரும்பு பீம். "சார், இது ரயிலையே தாங்கும்" என்றார். பலத்தில் தாங்கும்தான். வரும் சுமைக்கு இரும்பில் அழுத்தம் 130 மெகாபாஸ்கலைத் தாண்டாது. ஆனால் அந்தச் சுமையை அது தன்மேல் வாங்கிக்கொள்வதற்கு 20 மி.மீ. தொய்ய வேண்டும். மேலே இருக்கும் சிலாப் அதில் கால் பங்கு தொய்வதற்குள்ளேயே வெடித்துவிடும். சிலாப் உயிரோடு இருக்கும்வரை அந்த பீம் சும்மா நிற்கும், சிலாப் போன பிறகு வேலைக்கு வரும். எடை கணக்கில் இரும்பு விற்பவருக்கு இது நல்ல திட்டம்.

அடுத்தது ஜாக்கெட்டிங். பழைய குறுக்கு பீமைச் சுற்றிக் கம்பி கட்டி, அடியில் 6 அங்குலம் ஆழம் கூட்டி மைக்ரோ கான்கிரீட் ஊற்றுவது. முறையான வேலை, பல இடத்தில் நானும் செய்திருக்கிறேன். இங்கே 450 மி.மீ. பீம் 600 ஆனால் விறைப்பு இரண்டே கால் மடங்குக்கு மேல் போகும். ஆட்டம் அதன் வர்க்கமூலத்தில் ஏறும், 8 போய் 12. சரியாக மிஷின் நிற்கும் படியில் கொண்டுபோய்த் தளத்தை நிறுத்துவோம். செலவு செய்து கெடுப்பது என்றால் இதுதான்.

கார்பன் ஃபைபர் ஒட்டலாம் என்று ஒருவர் மாதிரித் துண்டோடு வந்தார். ஒரு அடுக்கு ஷீட்டின் கனம் ஒரு மி.மீ.-இல் ஆறில் ஒரு பங்கு. இழுவிசை அபாரம், ஆனால் அந்தக் கனத்துக்கு விறைப்பில் ஒன்றும் சேராது. ஆட்டம் 8-இலேயே நிற்கும், மிஷின் ஓட்டம் எடுக்கும்போதும் நிற்கும்போதும் அந்த 8-ஐக் கடந்தாக வேண்டும். சிலாப் கம்பி மட்டும் குறை என்றால் அவரைத்தான் கூப்பிட்டிருப்பேன்.

மிச்சம் இருப்பது ஒன்றுதான். நீளத்தைக் குறைக்க வேண்டும். தொய்வு நீளத்தின் நான்காம் அடுக்கில் போகிறது. அதே ஐ.எஸ்.எம்.பி. 250-ஐ 6.1 மீட்டருக்குப் பதில் 2.8 மீட்டருக்குப் போட்டால் 20 மி.மீ. தொய்வு 0.9 ஆகிவிடும். அதற்குக் குடோன் நடுவில் போஸ்ட் வேண்டும்.

போஸ்ட் என்றதும் முதலாளி முகம் மாறியது. "நடுவுல தூண நட்டா டிராலி எப்படிங்க திரும்பும்? அதுக்கு மிஷினையே வாங்காம இருந்திருக்கலாம்." டிராலியை எடுத்து ஓட்டிப் பார்த்தோம். திரும்ப எட்டடி போதும். அப்போது மிஷினை எங்கே நிறுத்துவது என்ற பேச்சு வந்தது. அவர் ஹாலின் நடுவில் நினைத்திருந்தார், நாலு பக்கமும் சுற்றி வர. நான் அதை ஒரு பக்கச் சுவரை ஒட்டி, பின்னால் ஆள் போக மூன்றடி விட்டு, நீளவாக்கில் வைக்கச் சொன்னேன். மிஷின் மூன்று பாகத்துக்குள் அடங்கிவிடும். பலப்படுத்த வேண்டியது அந்தப் பாதி அகலம் மட்டும். போஸ்ட் வரிசை சரியாக ஹாலின் நடுக்கோட்டில் வரும், மறுபாதி பத்தடி அகலத்துக்குச் சுத்தமாக டிராலிக்கு. போஸ்டுக்கும் சுவருக்கும் நடுவே ரேக் போட்டுக்கொள்ளலாம். "ரேக்கு நானே போடலாம்னுதான் இருந்தேன்" என்று ஒப்புக்கொண்டார். மிஷினை இடம் மாற்றியதில் மிச்சமான பணம் வேறு எந்தச் சாமர்த்தியத்திலும் மிச்சமாகியிருக்காது.

முடிவான ஏற்பாடு இது. மிஷின் நிற்கும் மூன்று பாகத்தின் எல்லையில் உள்ள நான்கு பழைய பீம்களுக்கும் நடுவில் ஒவ்வொரு போஸ்ட். மூன்று பாகத்தின் நடுவிலும் சிலாபுக்கு அடியில் ஐ.எஸ்.எம்.பி. 250 ஒன்று, ஒரு முனை சுவரில் கான்கிரீட் பெட் பிளாக்கில், மறுமுனை நடுக்கோட்டு போஸ்டில். மொத்தம் ஏழு போஸ்ட், ஆறடிக்கு ஒன்று. போஸ்ட் 100-க்கு 100, 6 மி.மீ. சதுரக் குழாய். இந்த உயரத்துக்கு ஒவ்வொன்றும் 20 டன் தாங்கும், வருவது அதிகபட்சம் 6 டன்தான். ஆனால் குழாய்க்குக் கீழே இருப்பது குடோனின் சிமெண்ட் தரை. அதன்மேல் பேஸ் பிளேட்டை வைத்து போல்ட் அடித்துவிட்டுப் போகும் வேலைகளை நிறையப் பார்க்கலாம். நாலு அங்குலச் சாதாத் தரை, அடியில் நிரப்பு மண். போஸ்ட் 2 மி.மீ. இறங்கினால் மேலே ஏற்றி வைத்த தாங்கல் முழுக்கப் போய்விடும், வெறும் அலங்காரத் தூண்தான் மிச்சம். தரையை வெட்டி, மூன்றடியில் சுக்கான் மண் வந்ததும் அதன்மேல் இரண்டரை அடி அகலத்துக்கு ஏழு போஸ்டையும் சேர்த்து ஒரே பட்டை அஸ்திவாரமாகப் போட்டோம். தனித்தனிக் குழியைவிட இதில் ஏறுமாறாக இறங்கும் பயம் குறைவு. மண்ணுக்கு வரும் அழுத்தம் சதுர மீட்டருக்கு 40 கிலோநியூட்டன்கூட இல்லை.

கான்கிரீட் பதம் வந்த பிறகு இரும்பு வேலை. சிலாபின் அடிப் பூச்சை பீம் வரும் பட்டைக்கு மட்டும் கொத்தி எடுத்து, கான்கிரீட் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தோம். செயின் பிளாக்கில் பீமைத் தூக்கி, சிலாபுக்கும் பீமின் மேல் தட்டையான ஃபிளாஞ்சுக்கும் நடுவே 25 மி.மீ. இடைவெளி விட்டு நிறுத்தினோம். பழைய சிலாபின் அடி ஒருபோதும் மட்டமாக இருக்காது. பீமை நேராக ஒட்டினால் மூன்று இடத்தில்தான் தொடும், மற்ற இடத்தில் காகிதம் நுழையும். அந்த இடைவெளியை நிரப்புவதுதான் இந்த வேலையின் உயிர்.

இடைவெளி நிரப்ப ஊற்றுகிற குழைவான சிமெண்ட் சாந்து, அதாவது கிரௌட், தலைக்கு மேலே நிற்காது, காற்றும் உள்ளே மாட்டும். உலர் கலவையை இடித்துத் திணிப்பதே நல்லது. ஒரு பங்கு சிமெண்டுக்கு இரண்டரைப் பங்கு சலித்த மணல், தண்ணீர் தெளித்துத் தெளித்துத்தான் சேர்க்க வேண்டும். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், கையை விரித்தால் உள்ளங்கை நனைந்திருக்கக் கூடாது. கொத்தனாருக்கு முதலில் இது பிடிக்கவில்லை. "தம்பி, இது காரையே இல்லைங்க, மண்ணாட்டம் இருக்குது. கொஞ்சம் தண்ணி காட்டட்டுங்களா?" வேண்டாம் என்றேன். ஃபிளாஞ்சின் ஒரு பக்கம் பலகை கட்டி மூடி, மறுபக்கத்திலிருந்து ஒவ்வொரு கைப்பிடியாக உள்ளே தள்ளி, மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் அடித்து இறுக்கினார். முதலில் மொத்து மொத்து என்று கேட்கும். இறுகி நிரம்பியதும் சத்தம் கணீரென்று மாறும், கட்டை துள்ளித் திரும்பும். அந்தச் சத்தம் வரும்வரை அடுத்த பிடி போடக் கூடாது. ஒரு பீம் முடிந்ததும் அவரே அடுத்ததற்குத் தண்ணீர் டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டார். தண்ணீர் கூடினால் உலரும்போது சுருங்கும், அரை மி.மீ. விட்டுவிடும். இங்கே அரை மி.மீ. என்பது பாதி வேலை.

அது இறுகிய பிறகு ஜாக்கி. இந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும்.

பழைய பீம் ஏற்கெனவே சொந்தச் சுமையில் தொய்ந்து நிற்கிறது. அடியில் போஸ்டைச் சும்மா தொட வைத்தால், இனி வரும் சுமையில் போஸ்ட் பங்கெடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் வெல்டிங் சுருக்கம், பேஸ் பிளேட் அடியில் உள்ள கிரௌட் அமுங்கல், அஸ்திவாரத்தின் முதல் இறக்கம் எல்லாம் சேர்ந்து ஒரு மி.மீ. தின்றுவிடும். அதனால் கொஞ்சம் தூக்கிப் பிடித்துத்தான் பூட்ட வேண்டும். எவ்வளவு? பீமின் நடுவில் ஒரு டன் தூக்கினால் அங்கே மொமென்ட் 15 கிலோநியூட்டன் மீட்டர் குறையும். சொந்தச் சுமையால் நடுவில் இருப்பது 50 அளவில். 3 டன்னுக்கு மேல் தூக்கினால் தொய்வு முழுக்கத் தீர்ந்து, பீமின் மேல்பக்கம் இழுபட ஆரம்பிக்கும். மேலே இருப்பதோ பிடிமானத்துக்குப் போட்ட இரண்டு 12 மி.மீ. கம்பி. சரியாகப் புது போஸ்டுக்கு மேலேயே, ஃபுளோரிங்குக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் வெடிக்கும். ஜாக்கியைப் பலமாக ஏற்றினால் நல்லது என்று நினைப்பவர்கள் இதை யோசிப்பதில்லை. மிஷின் சுமையும் போஸ்டுக்கு மேலே இதே திசையில்தான் மொமென்ட் தரும், சுமார் 16. ஒரு டன் தூக்கலோடு கூட்டினால் 31. சுமைக்கு ஒன்றரை மடங்கு பாதுகாப்பு வைத்தாலும் 40-ஐத் தொடாது. 50-க்குள் அடங்குகிறது. அதனால் ஒரு டன், அதற்கு மேல் கிடையாது.

போஸ்டின் பக்கத்தில் இரண்டு பிராக்கெட் வைத்து, அழுத்த மானி உள்ள ஹைட்ராலிக் ஜாக்கியால் ஏற்றினோம். நுண்ணிய அசைவை முள்ளில் காட்டும் டயல் கேஜை பழைய பீமின் அடியில் தொட வைத்தேன். அதன் ஸ்டாண்டு போஸ்டையோ சாரத்தையோ தொடக் கூடாது, தனியாகத் தரையில் நிற்க வேண்டும். ஒரு டன்னில் முள் 0.9 மி.மீ. காட்டியது. கணக்கில் வெடிக்காத பீமுக்கு 0.7, முழுக்க வெடித்த பீமுக்கு 1.6. முள் இடையில், முதல் எண்ணுக்குப் பக்கமாக நின்றது. பீம் ஆரோக்கியமாகத்தான் இருக்கிறது. மேலே ஒருவர் ஃபுளோரிங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார், கோடு எதுவும் விழவில்லை. இரும்பு பீம்களின் நடுக்கோட்டு முனையில் அரை டன் மட்டும். இடைவெளியில் ஷிம் பிளேட், அதாவது மெல்லிய இரும்புத் தகடு, தள்ளி, ஜாக்கியை இறக்காமலே ஒரு வாரம் விட்டோம். அஸ்திவாரம் இறங்க வேண்டியதை இறங்கட்டும் என்று. திரும்ப அழுத்தம் பார்த்து, குறைந்திருந்த இடத்தில் மறுபடி ஏற்றி, ஷிம்மை வெல்ட் செய்து, அதன் பிறகே பேஸ் பிளேட் அடியில் சுருங்காத கிரௌட் ஊற்றியது. நான்கு போல்ட்டிலும் பேஸ் பிளேட்டுக்குக் கீழே ஒரு நட் விட்டிருக்கிறோம், கிரௌட் ஊற்றும்வரை போஸ்ட் நின்றது அதன்மேல்தான்.

புது போஸ்டுக்கு மேலே பழைய பீமில் ரிங் அகலமாக இருப்பது உறுத்திக்கொண்டே இருந்தது. பழைய கணக்கில் பீமை வெட்டப் பார்க்கும் விசை, ஷியர், நடுவில் கிடையாது, அதனால் 9 அங்குலம் போதும். இப்போது அங்கேதான் புதிதாக ஷியர் வருகிறது, ஒன்றரை மடங்கு வைத்து 59 கிலோநியூட்டன் வரை. கான்கிரீட்டும் இருக்கும் ரிங்கும் சேர்ந்து 78 தாங்குகின்றன. போஸ்ட் தலையில் உள்ள பிளேட்டை மட்டும் ஒன்றரை அடி நீளமாக்கி அத்தோடு விட்டேன்.

லோட் டெஸ்ட் வேண்டுமா என்று முதலாளி கேட்டார். வேண்டும் என்றேன். ஐ.எஸ். 456 முறைப்படி, ஏற்ற வேண்டியது சுமையின் ஒன்றேகால் மடங்கு, 24 மணி நேரம். 5-க்கு 6.25. நடுப்பாகத்தில் பலப்படுத்திய 10 சதுர மீட்டருக்கு 6.3 டன். எம்-சாண்டைச் சாக்கில் 50 கிலோ வீதம் எடைபோட்டு 126 மூட்டை ஏற்றினோம். மூட்டைகளை ஒன்றோடு ஒன்று சாய்த்து அடுக்கக் கூடாது. அடுக்கு தனக்குள்ளேயே வளைவு போல நின்றுகொண்டு சுமையை ஓரத்துக்குத் தள்ளிவிடும், நடுவில் சுமை ஏறியதாக நாம் நினைத்துக்கொண்டிருப்போம். குவியலுக்குக் குவியல் கை நுழையும் இடைவெளி விட்டோம். கீழே சவுக்கு முட்டுகள், சிலாபைத் தொடாமல் ஒரு அங்குலம் விட்டு, ஏதாவது ஆனால் பிடிக்க. கேஜ் படிக்கப் போகிறவரைத் தவிர யாரும் உள்ளே இல்லை.

24 மணி நேரம் கழித்து இரும்பு பீமின் நடுவில் 0.9 மி.மீ. அதற்கும் பழைய பீமுக்கும் நடுவே சிலாபில் 0.7. அதில் பீம் இறங்கிய பங்கைக் கழித்தால் சிலாபின் சொந்தத் தொய்வு கால் மி.மீ. ஐ.எஸ். 456-இல் ஒரு வரம்பு இருக்கிறது. மீட்டரில் உள்ள நீளத்தின் வர்க்கத்தை 40-ஆல் பெருக்கி மி.மீ.-இல் உள்ள கனத்தால் வகுத்தது. அதற்குக் கீழே தொய்வு இருந்தால் எவ்வளவு திரும்பியது என்று அளக்கவே தேவையில்லை. பழைய 3.6 மீட்டர் நீளத்துக்கு அது 4.1 மி.மீ., இப்போதைய 1.8-க்கு 1.04 மட்டும். கடினமான எண்ணை வைத்தாலும் நாலில் ஒரு பங்குதான். மூட்டையை இறக்கிய மறுநாள் அதே நேரத்துக்குப் போய் முள்ளைப் பார்த்தேன், ஏறக்குறைய பழைய இடத்தில் நின்றது. அதே நேரம் என்பது முக்கியம். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மத்தியானச் சூட்டில் தளமே கொஞ்சம் எழும்பும்.

குதிகால் சோதனையையும் திரும்பச் செய்தோம். முகடு 20 ஹெர்ட்ஸ் பக்கம் போயிருந்தது. மிஷினின் 14.2-ஐத் தாண்டி நல்ல இடைவெளி.

மிஷினை ஏற்றிய அன்று கவலை மிஷின் நிற்கும் இடத்தைப் பற்றி இல்லை, அது வரும் வழியைப் பற்றித்தான். கிரேன் இறக்கி வைப்பது ஹாலின் மறுமுனையில், பலப்படுத்தாத பக்கம். அங்கிருந்து உருளைக் குழாயில் தள்ளிக்கொண்டு வர வேண்டும். அந்த வழி முழுக்க கீழே சவுக்கும் ஜாக்கியும் கொடுத்து, மேலே சேனல் விரித்துத்தான் நகர்த்தினோம்.

மிஷின் கம்பெனி ஆள் காலுக்கு ஒன்றாக ரப்பர் பேட் கொடுத்தார், அதிர்வு போய்விடும் என்று. எடுத்துப் பார்த்தேன். இந்த எடைக்கு ஒரு மி.மீ. அமுங்கும் ரகம். ஒரு மி.மீ. அமுங்கும் பேடின் மேல் நிற்கும் மிஷினின் சொந்த ஆட்டம் 15.8 ஹெர்ட்ஸ். நாம் தளத்தை இவ்வளவு பாடுபட்டு 20-க்கு ஏற்றியிருக்க, பேடு மிஷினைத் திரும்ப 14-க்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தும். அதிர்வை உண்மையிலேயே தடுக்க 7 மி.மீ. அமுங்கும் ஸ்பிரிங் வேண்டும், அதன்மேல் எம்பிராய்டரி ஃப்ரேம் மட்டம் நிற்காது. 8 மி.மீ. பிளேட்டும், வழுக்காமல் இருக்க மெல்லிய ஷீட்டும் மட்டும் வைத்தோம்.

ஓட்டிப் பார்த்தபோது மிஷின் பக்கத்தில் தரையில் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வைத்தேன். 750-இல் மேற்பரப்பில் லேசான நடுக்கம், 850-இலும் அவ்வளவுதான். வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால், 600-இல் திடீரென்று வட்ட வட்டமாக அலை எழும்பியது. நிமிடத்துக்கு 600 என்றால் நொடிக்கு 10, அதன் இரட்டிப்பு 20, தளத்தின் ஆட்டத்தோடு நேராகச் சேருகிறது. 570-இல் அடங்கிவிட்டது, 640-லும் இல்லை. ஆபரேட்டரிடம் 580-க்கும் 620-க்கும் நடுவே ஓட்ட வேண்டாம் என்று சொன்னேன். "சார், அந்த ஸ்பீடுல யாரு ஓட்டுவா? சீக்வின்ஸ் போட்டா 550, இல்லைன்னா 750-தான்" என்றார். அப்படியானால் சரி.

ரோல் விஷயம் பாக்கி இருந்தது. மிஷின் பக்கம் 5, மறுபாதி இன்னும் பழைய 2.5-தான். மறுபாதியில் தரையில் மஞ்சள் கோடு போட்டு, ரோலை இடுப்பு உயரத்துக்கு மேல் அடுக்கக் கூடாது என்று சுவரிலும் ஒரு கோடு. சதுர மீட்டருக்கு இத்தனை கிலோ என்று எழுதி மாட்டினால் யாரும் படிப்பதில்லை, கோடு என்றால் மேலே போனது தெரியும். இரண்டாவது மிஷின் வாங்கினால் என்ன செய்வது என்று முதலாளி இப்போதே கேட்கிறார். அஸ்திவாரமும் நடுக்கோட்டு போஸ்டும் அதற்கும் சேர்த்தே போட்டிருக்கிறது, மறுபாதிக்கு மூன்று பீமும் மூன்று பெட் பிளாக்கும் போதும். ஆனால் இரண்டு மிஷினும் ஒரே வேகத்தில் ஓடினால் உதை எப்படிச் சேரும் என்று பார்க்க வேண்டும், அதற்கு முதல் மிஷினை வைத்தே மறுபாதியில் போனை வைத்து ஒரு நாள் அளந்துவிட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன்.